வழக்காடுபவரே நடுவரைத் தேர்வு செய்யலாமா?

கேள்வி: அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்து மத்திய அமைச்சரான மோகன் குமாரமங்கலத்தை ஏழைகளின் பக்கம் நின்றவர் என்று என் தந்தை போற்றுகிறார். நீதித்துறையைக் கெடுத்தவர் என்கிறார் வழக்கறிஞரான என் நண்பர். யார் சொல்வது சரி?
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: தந்தை சொல்வது உண்மை. ஜமீன்தார் ப. சுப்பராயனின் மகன், இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர், ஊர் திரும்பிக் கம்யூனிஸ்ட் ஆனார். 1941இல், கம்யூனிஸ்டுகள் மீது ஆங்கிலேய அரசு தொடுத்த சென்னைச் சதி வழக்கில் கைதானார். வசதியான வாழ்க்கை காத்திருந்தும் அதை நாடாதவர். 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குச் சென்று, உருக்கு, சுரங்கத் துறை அமைச்சராகி, நிலக்கரிச் சுரங்கங்களைத் தனியாரிடமிருந்து மீட்டார். 1973 மே முதல் நாளில் மட்டும் 711 சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. சுரங்கத் தொழிலாளிக்கு அது சிறிய செய்தி அல்ல.

ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பு நடந்ததை எப்படி மறப்பது? ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றத்திலிருந்து அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தது. மூத்தவரே தலைமை நீதிபதியாவது வழக்கம்; ஆனால் உடனே ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினார்கள். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் கொள்ளலாம் என்று நாடாளுமன்றத்தில் வாதாடியவர் குமாரமங்கலம்தான். மறைக்காமல் சொன்னார், அந்த நேர்மையை மதிக்கிறேன். வாதத்தை ஏற்க மாட்டேன். 1966-67இல் சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக அரசுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் அவர். நாட்டிலேயே அதிக வழக்குகளில் ஒரு தரப்பாக நிற்பது அரசு என்பது அவருக்குத் தெரியாதா? அந்தத் தரப்பே தனக்கு உகந்த நீதிபதியைப் பொறுக்கிக்கொண்டால், எதிர்த்தரப்பில் நிற்கும் சாமானியன் எங்கே போவான்?

எங்கும் போக முடியவில்லை. 1976இல், நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு, அதாவது தங்களைப் பிடித்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனுவோடு, நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று ரே தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அடுத்த ஆண்டு அவரையும் தாண்டித்தான் தலைமை நீதிபதியை நியமித்தார்கள். 1973இல் திறந்த அதே வழி.

இதையெல்லாம் பார்க்கக் குமாரமங்கலம் இல்லை. 1973 மே 31 அன்று, சென்னையிலிருந்து டெல்லி சென்ற விமானம் அங்குள்ள பாலம் (Palam) விமான நிலையத்தின் அருகே விழுந்ததில் இறந்துபோனார். சிறைக் கதவின் உள்பக்கத்தை அறிந்த அந்த மனிதர் 1976இன் தீர்ப்பைக் கேட்டுப் பதறியிருப்பார் என்றே நம்புகிறேன்.