"விளங்கினதா?" என்று கேட்காதீர்கள்: கற்பித்தல் பற்றிப் பிள்ளைகளின் கருத்தை எடுப்பது குறித்து ஆசிரியர்களின் கேள்வி பதில்

கேள்வி (துணுக்காய், தரம் 9 கணிதம்): "விளங்கினதா?" என்றால் முழு வகுப்பும் "ஓம் ரீச்சர்" என்கிறது. தவணைப் பரீட்சையில் பார்த்தால் ஒன்றுமில்லை.

பதில்: அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது, ரீச்சர். இல்லையென்றால் எழும்பி நிற்கவேண்டி வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். பாடவேளையின் கடைசி 5 நிமிடத்தை ஒதுக்குங்கள். கொப்பித் தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுங்கள், பெயர் போடவேண்டாம். கேள்வி இரண்டுதான்: இன்று எந்த இடத்தில் பிடி விட்டது? எது விளங்க உதவியது? நல்லாப் படிப்பித்தேனா என்று கேட்டால் புகழ்தான் வரும், இடத்தைக் கேட்டால் விஷயம் வரும். "மறுபக்கம் கொண்டுபோக ஏன் குறி மாறுது?" என்று நாலு துண்டில் இருந்தால் நாளைய பாடம் அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

கேள்வி (முழங்காவில்): வகுப்பில் 11 பேர்தான். பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கும்.

பதில்: எழுத வைக்காதீர்கள். "சேர் வேகமாகப் போகிறார்", "கேள்வி கேட்கப் பயம்", "கொப்பி திருத்தி வருவதில்லை" என்று ஐந்தாறு கூற்றைக் கரும்பலகையில் இலக்கமிட்டு எழுதுங்கள். பொருந்தும் இலக்கத்தை மட்டும் துண்டில் போடட்டும். மற்ற வகுப்பு ஆசிரியர் சேர்த்து எண்ணித் தந்தால் இன்னும் நல்லது. வகுப்புத் தலைவரிடம் மட்டும் கொடுக்கவேண்டாம், இடைவேளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): பகிடி விடுகிற சேருக்குத்தானே நல்ல பெயர் வரும்?

பதில்: பாதி உண்மை. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே செய்து படித்த மாணவர்கள், விரிவுரையைக் கேட்டுப் படித்தவர்களைவிடச் சோதனையில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். ஆகவே "எவ்வளவு கற்றாய்?" என்பதைச் சோதனையிடம் கேளுங்கள். வேகம், பயம், குரல் கேட்கிறதா, பலகை தெரிகிறதா என்பதைப் பிள்ளையிடம் கேளுங்கள்.

காரணத்தையும் தேடவேண்டும். "முதல் பாடம் விளங்குவதில்லை" என்பவர்கள் எல்லாரும் பிந்தி வரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்களாக இருக்கலாம். அதற்குக் கற்பித்தலை மாற்றி என்ன பயன்? கடினமான பகுதியை இரண்டாம் பாடவேளைக்குத் தள்ளமுடியுமா என்று பாருங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எப்போது கேட்பது?

பதில்: தவணையின் 4ஆம், 5ஆம் கிழமை. முடிவில் கேட்டால் சொன்ன பிள்ளைக்குப் பயனில்லை. மழைக்காலமென்றால் வராதவர்கள் திரும்பிய பிறகு கேளுங்கள்.

கேள்வி (மாங்குளம்): அதிபர் துண்டுகளைக் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள், நீங்கள் மாற்றியதை மட்டும் சொல்லுங்கள். ஆசிரியருக்குப் புள்ளி போடப் பயன்படும் என்று தெரிந்தால் அடுத்தமுறை எல்லாத் துண்டும் "நல்லம்" என்றே வரும். பிள்ளைகளுக்கும் மறுநாளே பதில் சொல்லவேண்டும்: இதை மாற்றுகிறேன், வீட்டுவேலையை நிறுத்தமாட்டேன், ஆனால் 10 கணக்கை 5 ஆக்குகிறேன் என்று. இரண்டு நிமிடம் போதும்.