ரேடியோகிராபியில் தேறிய வெல்டிங் இணைப்பு நூற்றுக்கு நூறு சரியானதுதானா?

கேள்வி: குழாய் வெல்டிங்கில் ரேடியோகிராபி எடுத்து, படமும் தேறிவிட்டால், அந்த இணைப்பு நூற்றுக்கு நூறு சரி என்று சொல்லிவிடலாம் அல்லவா? பிறகு எதற்காக டபிள்யூ.பி.எஸ். என்ற வேலைக் குறிப்பு, வெல்டர் தகுதித் தேர்வு, கோடு (code, அதாவது தர விதிநூல்) என்று இவ்வளவு காகிதம்?

சொல்லிவிட முடியாது. திருச்சி துவாக்குடிப் பக்கத்துக் கொதிகலன் பட்டறைகளிலும், பின்னர் மின்நிலையக் கட்டுமானத் தளங்களிலுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் வெல்டிங் ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். இதே கேள்வியைப் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களும் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசியில் பில் போட வேண்டிய அவசரத்தில் ஒப்பந்ததாரர்களும் கேட்டிருக்கிறார்கள். முன்னவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். தளங்களில் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாட்கள். குழாயின் ஒரு பக்கம் மூலத்தையும் மறுபக்கம் பிலிமையும் வைத்தால், உலோகம் குறைவாக உள்ள இடத்தில் கதிர் அதிகமாக ஊடுருவி பிலிம் கறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. காற்றுக் குமிழ் இருந்தால் கரும்புள்ளி தெரியும், கசடு சிக்கியிருந்தால் ஒழுங்கற்ற கருங்கீற்று தெரியும், வேர்ப் பகுதி, அதாவது இணைப்பின் அடிப்பகுதி, முழுமையாக உருகவில்லை என்றால் நேரான கறுப்புக் கோடு தெரியும். பருமன் உள்ள குறைகளைப் பிடிப்பதில் இந்தச் சோதனைக்கு இணை குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

விரிசல் விஷயத்தில்தான் சங்கடம். ஐம்பத்திரண்டு சீட்டுகள் உள்ள கட்டிலிருந்து நடுச்சீட்டு ஒன்றை உருவிவிட்டு, அந்த இடைவெளி மூடிக்கொள்ளாமல் அப்படியே பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் அந்த இடைவெளி வழியாக வெளிச்சமே தெரியும். மேலிருந்து பார்ப்பவருக்கோ ஐம்பத்திரண்டில் ஒன்று குறைந்தது எப்படித் தெரியும்? விரிசலும், வெல்டிங் உலோகம் குழாயின் விளிம்போடு உருகி ஒட்டாமல் போகும் பக்கச்சுவர் ஒட்டாமையும் இந்த இடைவெளியைப் போன்றவை. கதிர் அவற்றின் தளத்தை ஒட்டிப் போனால் படத்தில் மயிரிழைபோல ஒரு கோடு விழும். கோணம் விலக விலக அந்தக் கோடு மங்கி, இல்லாமலே போய்விடும். ஆகவேதான் தடித்த சுவருள்ள குழாய்களில் கோணப் புரோபு வைத்து மீயொலிச் சோதனை செய்கிறோம். ஒலிக்கு நேர்மாறான குணம், பரந்த தளம் எதிரே வந்தால்தான் அது நன்றாகத் திரும்பி வரும்.

எப்போது சோதித்தீர்கள் என்பதும் ஒரு கேள்வி. வெல்டிங் ராடின் பூச்சில் ஈரம் இருந்தாலும், இணைப்பு முகத்தில் எண்ணெய்ப் பசையோ துருவோ இருந்தாலும், ஆர்க்கின் வெப்பத்தில் அது பிரிந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் கரைந்துவிடுகிறது. கடினமான எஃகாக இருந்து, முன்சூடும் போதாமல் போயிருந்தால், அந்த ஹைட்ரஜன் மெதுவாக நகர்ந்து, வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசலை உண்டாக்கும். அமெரிக்கக் கட்டுமான எஃகுக் கோடான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1, ஏ514 போன்ற உயர்வலு எஃகுகளில் வேலை முடிந்து குறைந்தது 48 மணி நேரம் கழித்தே இறுதிச் சோதனை செய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மாலையில் வெல்டிங், இரவில் படம், காலையில் பெயிண்ட் என்று ஓடும் தளத்தில், படம் எடுத்த பிறகு பிறந்த விரிசலை யார் பார்ப்பது?

இனி, படத்தில் ஒருபோதும் தெரியாதவை. 9 சதவீதக் குரோமியம் உள்ள பி91 குழாயையும் 2.25 சதவீதக் குரோமியம் உள்ள பி22 குழாயையும் மின்நிலையத்தில் அருகருகே வெல்டிங் செய்வார்கள். முன்னதற்கான ஆர்கான் வெல்டிங் நிரப்புக் கம்பியில் 90எஸ்-பி9 என்றும், பின்னதற்கான கம்பியில் 90எஸ்-பி3 என்றும் பொறித்திருக்கும். கம்பியைப் பாதியாக வெட்டிப் பயன்படுத்தும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. வெட்டியபின் ஒரு துண்டில் எழுத்து இருக்கும், மற்றதில் இருக்காது. எழுத்தில்லாத அந்தத் துண்டு வெல்டரின் சட்டைப்பையில் மதியச் சாப்பாடு வரை இருந்துவிட்டு, பிற்பகலில் வேறு குழாய்க்குப் போனால் என்ன ஆகும்? படம் கண்ணாடிபோல் சுத்தமாக வரும். 540 டிகிரி நீராவியில் சில ஆண்டுகள் ஓடிய பிறகுதான் அந்த இணைப்பு தன் கதையைச் சொல்லும். கையடக்கக் கலவைப் பகுப்பாய்வுக் கருவியை வைத்துப் பார்த்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும் விஷயம் இது.

வெப்பப் பதமாக்கலும் அப்படித்தான். பி91 வெல்டிங்கை முடித்ததும் 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, பிறகு 760 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் குறித்த நேரம் வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட இணைப்பின் கடினம் 400 விக்கர்ஸைத் தாண்டி, கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். செய்ததும் செய்யாததும் பிலிமில் இரட்டைப் பிள்ளைகள்.

அப்படியானால் ஓர் இணைப்பின் வலுவை எப்படி அறிவது? இழுத்து உடைத்துப் பார்க்கலாம், வளைத்துப் பார்க்கலாம். ஆனால் உடைத்த இணைப்பைக் குழாயில் பொருத்த முடியாது. கோடு என்ற ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கப் பிறந்தது என்பது என் கருத்து. வேலைக்கு முன்பாகவே அதே வகை எஃகில், அதே கம்பியில், அதே முன்சூட்டில், அதே பதமாக்கலில் ஒரு மாதிரித் துண்டை வெல்டிங் செய்து, அதை வெட்டி, இழுத்தும் வளைத்தும் உடைத்தும் பார்க்கிறோம். அந்த முடிவுகளைப் பதிவு செய்த தாள்தான் பி.க்யூ.ஆர். அதன் எல்லைக்குள் நின்று எழுதப்படும் வேலைக் குறிப்புதான் டபிள்யூ.பி.எஸ். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நியாயம்தான். ஆனால் பதம் பார்த்த சோறும் பரிமாறும் சோறும் ஒரே பானையில் ஒரே தீயில் வெந்திருந்தால்தானே அந்த நியாயம் செல்லும்? நீங்கள் 'காகிதம்' என்று சொல்வது, இரண்டும் ஒரே பானை என்பதற்கான சாட்சி. வலுவுக்கு வேறு சாட்சி தளத்தில் கிடையாது.

வெல்டருக்கு வைக்கும் தேர்வின் நோக்கம் வேறு. செய்முறை சரியா என்பதை பி.க்யூ.ஆர். சொல்லிவிட்டது, இந்தக் கைக்கு அது வருமா என்பதை இந்தத் தேர்வு சொல்கிறது. குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் வெல்டிங் செய்யச் சொல்வதே 6ஜி நிலை. அதிலிருந்து எடுத்த பட்டைகளை 'யு' வடிவில் வளைக்கும்போது, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் கோட்டில் ஒன்பதாம் பிரிவின்படி, வெளிமுகத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்தால் தேர்வு போயிற்று. தேறியவரும் அந்த முறையில் ஆறு மாதம் தொடர்ந்து கை வைக்காமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். பாடகருக்குச் சாதகம் விட்டுப்போவதைப் போன்றதுதான் இது என்று எனக்குத் தோன்றும்.

இந்த விதிகளை யாரும் சும்மா உட்கார்ந்து எழுதிவிடவில்லை. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகே மாசசூசெட்ஸ் மாநிலம் கொதிகலன் விதிகளை இயற்றியது; ஏ.எஸ்.எம்.இ.யின் முதல் கொதிகலன் கோடு 1914ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் வந்த 1950ஆம் ஆண்டு ஐ.பி.ஆர். என்ற இந்தியக் கொதிகலன் விதிகளுமே நீண்ட காலம் கொதிகலன் வேலையை ஆண்டன. 2025இல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது.

கோடுகள் எல்லாம் ஒன்றுபோலப் பேசுவதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேர் ஊடுருவல் 20 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குறைந்திருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தொலைவுக் குழாய்ப் பாதைகளுக்கான ஏ.பி.ஐ. 1104 என்ற கோட்டில், விளிம்புகள் ஏறி இறங்காமல் இருந்தால், தனிக்குறை 25 மில்லிமீட்டர் வரை போகலாம் என்பதால் அது தேறிவிடும். மின்நிலையக் குழாய்களுக்கான பி31.1 என்ற கோட்டில் அதே படம் விழுந்துவிடும். விரிசல் என்றால் எல்லாரும் உடனே தள்ளிவிடுவார்கள் என்று நினைப்போம், ஆனால் ஏ.பி.ஐ. 1104 ஆழமில்லாத, 4 மில்லிமீட்டருக்கு மிகாத குழிமுனை விரிசலுக்குக்கூட (வெல்டிங்கை நிறுத்தும் இடத்துக் குழியில் வரும் விரிசல்) இடம் தருகிறது. ஆகவே, 'படம் பாஸ்' என்று யாராவது சொன்னால், எந்தக் கோட்டில் என்று கேட்பதே என் வழக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் படத்தை நானே வாங்கிப் பார்ப்பேன்.

கண்ணால் பார்ப்பதை மட்டமாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய விபத்தைச் சொல்வேன். நார்வேயின் வடகடலில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கும் மிதவை மேடையாக இருந்தது அலெக்சாண்டர் எல். கீலண்ட். 1980 மார்ச் 27 மாலை, அதன் ஐந்து தூண்களில் ஒன்றைப் பிணைத்திருந்த சாய்தாங்கிக் குழாய் முறிந்தது. அடுத்தடுத்து மற்றத் தாங்கிகளும் முறிந்து, அந்தத் தூணே பிரிந்துபோய், மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். முறிவு தொடங்கிய இடம் பெரிய இணைப்பு எதுவும் அல்ல. நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி ஒன்றை மாட்டுவதற்காக அந்தத் தாங்கியில் வைத்திருந்த ஒரு பிடிப்பானின் 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் வெல்டிங்கில்தான், அதாவது மூலையில் போடும் வெல்டிங்கில்தான், அது தொடங்கியது. சுமை தாங்காத சில்லறை இணைப்பு என்பதால் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிற்பாடு ஆராய்ந்தபோது விரிசலுக்குள்ளே பெயிண்ட் இருந்தது. அதாவது, கட்டும் காலத்தில், பெயிண்ட் பூசும் முன்பே அது வாய் திறந்திருந்தது. ஃபில்லெட் வெல்டிங்குக்கு வழக்கமாக ரேடியோகிராபி எடுப்பதில்லை. ஒரு டார்ச்சும், சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் டி.பி. சோதனையும் அங்கே போதுமாக இருந்திருக்கும். பிராக்கெட், லக், தற்காலிக டேக் ஆகியவற்றைக் கிரைண்டிங் செய்த இடத்தில் இன்றைக்கும் நான் குனிந்து பார்ப்பது இதனால்தான். 'அது சும்மா லக் சார்' என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பேன்.

கடைசியாக, படத்தையே நம்ப முடியாத ஒரு சந்தர்ப்பம். ஆண்டும் நிறுவனமும் வேண்டாம். நாற்பது இணைப்புகளின் படங்கள் ஒரே கட்டாக வந்தன. விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுமை சரியாக இருந்தது, படத்தின் தெளிவைக் காட்டும் கம்பி அளவுகோல் தெரிந்தது, பின்னாலிருந்து சிதறி வரும் கதிரைக் காட்டிக்கொடுக்க வைக்கும் ஈய 'பி' எழுத்தின் நிழல் விழவில்லை. பதினான்காம் எண் படத்தில், வெல்டிங் மேற்பரப்பின் அலை ஒன்றின் விளிம்பில் கடுகளவு வெள்ளைப்புள்ளி ஒன்று. டங்ஸ்டன் முனை ஒடிந்து உள்ளே விழுந்தால் அப்படித்தான் வெள்ளையாகத் தெரியும். அந்த அளவுக்கு அது தள்ளுபடியும் அல்ல. குறித்துக்கொண்டு நகர்ந்தேன். இருபத்து மூன்றாம் எண்ணுக்கு வந்தபோது அதே கடுகு, அதே அலையின் அதே விளிம்பில் உட்கார்ந்திருந்தது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், அலைக்கு அலை பொருந்தியது. ஈய எண்ணை மட்டும் மாற்றி, ஒரே குழாயைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்திருந்தார்கள். கட்டு முழுவதையும் அப்படிச் சலித்ததில் ஆறு படங்கள் அந்தப் பதினான்காம் இணைப்பினுடையவை என்று தெரிந்தது.

மறுநாள் இரவே என் முன்னிலையில், பதினான்காம் இணைப்பு போக, படமே எடுக்காமல் விட்ட மற்ற ஐந்து இணைப்புகளுக்கும் படம் எடுக்கச் செய்தேன். ஐந்தில் நான்கு குறையே இல்லாத இணைப்புகள். உயரத்தில் சாரம் கட்டி ஏற வேண்டிய இடங்கள் என்பதால், விடிவதற்குள் கணக்கை முடிக்கப் படக்குழு செய்த வேலை அது. ஐந்தாவதில் வேர் முழுவதும் கறுப்புக் கோடு. அதை வெல்டிங் செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். "கேப் மூடிக்கிச்சு சார், வெட்டித் திரும்ப ஃபிட்டப் பண்ணணும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். ஃபிட்டப் ஆய்வுத் தாளை, அதாவது வெல்டிங்குக்கு முன் குழாய்களைப் பொருத்திய நிலையைப் பதிவு செய்யும் தாளை, எடுத்துப் பார்த்தேன். அந்த இணைப்புக்கு எதிரே வேர் இடைவெளி என்ற கட்டத்தில் மட்டும் எதுவும் எழுதாமல், கீழே கையெழுத்துப் போட்டிருந்தது.