எட்டு மாதக் குழந்தையின் அழுகை பசியா, வலியா?

அழுகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முகத்தைப் பாருங்கள். வலியென்றால் புருவம் நெரியும், கண் இறுக மூடும், மூக்கோரம் மடிப்பு விழும். பசியென்றால் பால் கொடுத்ததும் அடங்கிவிடும்.

மருத்துவமனைகளில் ஃபிளாக் (FLACC) என்றொரு வலி அளவுகோல் உண்டு. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10க்கு 7 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் வலி. மூன்று வயதுக்கு மேல் முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

எங்கள் கடலூர்ப் பக்கம் உடனே “உரம் விழுந்திருக்கு” (சுளுக்கு) என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். காலை வயிற்றோடு மடக்கி, விட்டுவிட்டு வீறிட்டு, வாந்தியும் எடுத்தால் குடல் சொருகலாக (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அப்புறம், அழாமல் துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்தால்தான் எனக்கு அதிக பயம்.