எம்.பி. பேசிவிட்டார், பிறகு?
உங்கள் ஊர் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவதை எம்.பி. மக்களவையில் பேசி இரண்டு கூட்டத்தொடர் ஆகியும் பதில் இல்லை என்கிறீர்கள். அவர் பேசியது பூஜ்ய நேரத்தில்தானே, அதாவது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரத்தில்? அதற்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. யூடியூபில் போட ஒரு காணொளி மிஞ்சும், அவ்வளவுதான்.

எழுத்துபூர்வ பதில் வேண்டுமென்றால் எம்.பி.யை நட்சத்திரக் குறியிடாத கேள்வி (எழுத்தில் மட்டும் பதில் தரப்படும் வகை) கேட்கச் சொல்லுங்கள். குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே அவர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். கேள்வியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். "தண்ணீர் தேங்குகிறதா?" என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எப்போது முடியும் என்று கேட்க வேண்டும்.

"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தாலும் சோர வேண்டாம். அப்படிப்பட்ட வாசகம் அரசு அவைக்குத் தந்த உறுதிமொழியாகப் பதிவாகக்கூடும். பதிவானால் 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இழுத்தடித்தால் நாடாளுமன்றத்தின் அரசு உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கும். பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும். அதன் பிரதியோடு ரயில்வே கோட்ட மேலாளருக்கும் ஒரு மனு போடுங்கள்.