இணைப்பு வழக்கறிஞரின் வேலை

கேள்வி: ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தில் வழக்கறிஞராக ஆசை. நிறுவன இணைப்புகளில் அவர்களுக்கு என்ன வேலை? இல்லுமினா தீர்ப்பால் என்ன மாறியது?

பதில்: கறுப்பு அங்கி போட்டு வாதாடுவது குறைவு, படிப்பதுதான் அதிகம். போட்டியைக் கெடுக்குமா என்று பார்த்து பெரிய இணைப்புகளுக்கு அனுமதி தரும் ஐரோப்பிய ஆணையத்தின் முதல்கட்ட விசாரணைக்கு 25 வேலை நாள்தான், ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மாதக்கணக்கில் பேச்சு நடக்கும், அப்புறம் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களைக் கேட்பார்கள். 'இவர்களை வாங்கிவிட்டால் விலையை ஏற்றலாம்' என்று எவரோ ஒரு மேலாளர் எழுதிய ஒற்றை வரி போதும், மொத்த வாதமும் ஆட்டம் காணும்.

இல்லுமினா விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மரபணுவைப் படிக்கும் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான இல்லுமினா, புற்றுநோயை ரத்தப் பரிசோதனையில் கண்டறியும் கிரெய்ல் நிறுவனத்தை வாங்கியது. கிரெய்லுக்கு அப்போது ஐரோப்பாவில் வருமானமே இல்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் இந்த இணைப்பை விசாரிக்கச் சொல்லித் தன்னிடம் அனுப்பிவைத்தன என்று சொல்லி ஆணையம் 2022இல் இணைப்பைத் தடுத்தது, அனுமதிக்குக் காத்திராமல் வாங்கியதற்காக 2023இல் 43.2 கோடி யூரோ அபராதமும் போட்டது. தன் சட்டப்படி விசாரிக்க அதிகாரமில்லாத நாடு இப்படி அனுப்ப முடியாது என்று 2024 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு என்பேன், வாங்குபவருக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

ஆனால் இத்தாலி, டென்மார்க் போன்ற நாடுகள் சின்ன இணைப்புகளையும் அழைத்து விசாரிக்கும் அதிகாரத்தைத் தங்கள் சட்டத்திலேயே சேர்த்துவிட்டன. அதனால் நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டத்தோடு பொருளாதாரமும் படியுங்கள், ஆணையத்தில் எதிரே உட்காருபவர்களில் பொருளாதார வல்லுநர்களும் இருப்பார்கள்.