வண்டிச் சூட்டில் சுடுதண்ணீர்: சைலன்சரை விடுங்கள், கூலன்ட்டைப் பிடியுங்கள்

கேள்வி (பெங்களூரு கம்மனஹள்ளியிலிருந்து): டீசல் பிக்கப்பில் பம்பும் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் வேக்கம் புளோவரும் வைத்து, ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்ட்களில் கார்பெட், சோபா கழுவுகிறேன். ரெண்டும் வண்டி இன்ஜினிலேயே ஓடுகின்றன. சைலன்சர் பைப்பில் செம்புக் குழாயைச் சுற்றினால் செலவில்லாமல் சுடுதண்ணீர் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டீசலின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புகையோடும், ஏறக்குறைய அதே அளவு கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வழியாகவும் வீணாகத்தான் போகிறது, அதில் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. ஆனால் தண்ணீர் பீய்ச்சும் கன்னின் ட்ரிகரை விட்ட நொடியில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், லோடில் ஓடும் இன்ஜினின் புகையோ 400 டிகிரியைக்கூடத் தாண்டலாம். குழாயில் தேங்கிய தண்ணீர் ஆவியாகி, ஹோஸைப் பிடித்திருக்கும் பையன் மேலேதான் வெடிக்கும்.

கூலன்ட் 90 டிகிரி பக்கமே நிற்கும், அதனால் தண்ணீர் தேங்கினாலும் அதற்கு மேல் சூடாகாது. கேபின் ஹீட்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு ஸ்டெயின்லெஸ் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரை இணையுங்கள். ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் உங்கள் தண்ணீர். டெம்பரேச்சர் முள் ஏறிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும், குளிர்ந்த இன்ஜினிலிருந்து சூட்டை உருவினால் தேய்மானம்தான் மிச்சம்.

எவ்வளவு கிடைக்கும்? நிமிடத்துக்கு 3 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 65-க்கு ஏற்ற சுமார் 8.4 கிலோவாட் தேவை, அதாவது 2 கிலோவாட் கீசர் நாலுக்கும் மேல். ஐடிலில் மணிக்கு ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் மொத்தமே 10 கிலோவாட், கூலன்ட்டுக்கு வருவது 3 கிலோவாட் இருந்தால் அதிகம். புளோவரும் பம்பும் இழுத்து மணிக்கு 3 லிட்டர் எரியும்போது கூலன்ட்டில் 8, 9 வந்துவிடும். சூடு வருவது லோடினால்தான், சும்மா ஓடும் வண்டியில் எதிர்பார்க்காதீர்கள். சோபாவுக்கு இந்த ஓட்டம் தாராளம்.

பெரிய கார்பெட் வேலைக்குப் போதவில்லை என்றால் புகை வழி ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடலாம். ஆனால் அதற்கென்றே செய்த ஸ்டெயின்லெஸ் யூனிட்டாக, புகையைத் திருப்பிவிடும் பைபாஸ், பிரஷர் ரிலீஃப் வால்வு இரண்டும் உள்ளதாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி என்றால் அதையும் விட்டுவிடுங்கள். அதன் புகைக் குழாயில் உள்ள டிபிஎஃப் பில்டரில் சேரும் கரி எரிய 550, 600 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டை நீங்கள் எடுத்துக்கொண்டால் பில்டர் அடைத்து, செலவு சுடுதண்ணீரைவிடப் பல மடங்கு.

அப்புறம், அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், சூடாகும் இடத்தில்தான் முதலில் படியும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் ஒரு சின்ன சாஃப்ட்னர் வையுங்கள், வரும் தண்ணீரின் சூடு வழக்கத்தைவிடக் குறைந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலை எக்ஸ்சேஞ்சரில் சுற்றவிட்டுக் கழுவுங்கள். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு வேலை செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வண்டி வெளியே நிற்கட்டும், நீளமான ஹோஸ் வாங்கி அதற்குக் கவர் போட்டால் சூடும் அதிகம் போகாது.