புல்லும் மரவள்ளியும்: விவசாய அறிவியலை மக்கள் ரசிக்கும்படி சொல்வது எப்படி?
ஏற்காடு கோடை விழாவில் அரங்கு போட்டால் புல்வெளி அறிவியலை யாராவது நின்று கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆனால் ஒரு புதிரில் தொடங்குங்கள்: ஆடு கொழுந்தைக் கடித்தால் மற்ற நாற்றுகள் திணறுகின்றன, புல் மட்டும் எப்படி உடனே வளர்கிறது?

புல்லின் இலை அடியிலிருந்து வளர்கிறது. வளரும் இடம் மண்ணை ஒட்டியிருப்பதால் ஆட்டின் வாய்க்குப் பெரும்பாலும் எட்டாது. இதைச் சொல்வதைவிடக் காட்டலாம். தொட்டிப் புல்லில், இளம் இலையின் அடியில் பேனாவால் கோடு போடுங்கள். சில நாளில் கோடு மேலே ஏறியிருக்கும். பக்கத்திலேயே புதுக் கோடு போட்ட தொட்டியையும் வையுங்கள். குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

அப்புறம், சேலத்துக்காரர்களுக்கு மரவள்ளி. ஜவ்வரிசி தரும் அதே செடியின் பச்சை இலையைத் தின்ற ஆடு ஏன் சுருண்டு விழுகிறது? இலை நசுங்கும்போது சயனைடு வெளிவருகிறது. நறுக்கி வெயிலில் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும். ஆடுகளைக் காப்பாற்றும் விஷயம் என்பதால், இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன்.

முடிந்தால் ஆடு வளர்ப்பவர் ஒருவரையும் அரங்கில் உட்கார வையுங்கள். கேள்விகள் அவரிடம்தான் குவியும்.